வரகன் சுமந்த தண்ணீர்

முதலில் ஒரு விடுகதை.

குடம் கிடையாது, தோண்டி கிடையாது, தூக்கிவரக் கையும் கிடையாது. ஆனாலும் காத தூரம் போய்த் தண்ணீர் கொண்டு வருவான். அவன் யார்?

இன்னொரு பாதியும் இருக்கிறது. அவன் ஓடி ஓடித் தண்ணீர் கொண்டு வந்தால் பிள்ளையின் தாகம் கூடும். ஓரிடத்தில் சும்மா நின்றால் தாகம் குறையும். அது எப்படி?

முதல் பாதிக்கு நானே விடை சொல்லிவிடுகிறேன். அவன்தான் ஆண் கல்கௌதாரி. இரண்டாம் பாதிக்கு விடையை நீங்கள் கண்டுபிடியுங்கள். இதோ கதை.

மலையடிவாரத்தில் ஒரு சரளைப் பொட்டல் இருந்தது. மரம் என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக முட்செடிகள்தான். அந்தப் பொட்டலில் கல்கௌதாரிகள் கூட்டமாக வாழ்ந்தன. புறா அளவுப் பறவைகள். மண்ணின் நிறம். அசையாமல் உட்கார்ந்தால் எது கல், எது பறவை என்று கழுகுக்கே தெரியாது.

கோடையில்தான் அவை குஞ்சு பொரிக்கும். அந்தக் குஞ்சுகள் பிறந்த அன்றே நடக்கும், விதை பொறுக்கும். ஆனால் பறக்காது. பறக்கத் தெரியாத குஞ்சு தண்ணீருக்கு எங்கே போகும்? அதற்குத்தான் அப்பா!

வெயில் ஏறத் தொடங்கியதும் அப்பாக்கள் கூட்டமாகக் கண்மாய்க்குப் பறப்பார்கள். கரையோரத் தண்ணீரில் குந்தி, வயிற்றை அமுக்கி, இப்படியும் அப்படியும் ஆடுவார்கள். வயிற்று இறகு பஞ்சுபோலத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மறுபடியும் கூட்டமாகத் திரும்பி வந்து நிமிர்ந்து நிற்பார்கள். குஞ்சுகள் வயிற்றுக்கு அடியில் நுழைந்து, ஈர இறகை அலகால் உருவி உருவிக் குடிக்கும்.

உச்சிவேளையில் அம்மாக்கள் தொலைவில் உள்ள தரிசு நிலத்துக்கு இரை தின்னப் போவார்கள். அவர்கள் திரும்பும்வரை அப்பாக்கள் இறக்கையைக் குடைபோல விரித்துக்கொண்டு நிற்பார்கள். குஞ்சுகள் அந்த நிழலில் உட்கார்ந்திருக்கும். இதை மட்டும் யாரும் வேலையாக நினைப்பதில்லை. சும்மா நிற்பதுதானே!

அந்தக் கூட்டத்தில் வரகன் என்றொருவன் இருந்தான். அவன் மனைவி தினைச்சி. மூன்று முட்டைகளில் இரண்டைக் கீரி தின்றுவிட்டது. மிஞ்சியது ஒரே ஒரு பெண் குஞ்சு. அவள் பெயர் எள்ளு.

எதிரே இருந்த கற்குவியலில் சாமையன் குடியிருந்தான். வரகனைவிட வயதில் சிறியவன். அவனுக்குக் கம்பு, சோளம் என்று இரண்டு குஞ்சுகள்.

ஒரு நாள் காலையில் வரகனும் சாமையனும் ஒன்றாகத் தண்ணீர் கொண்டு வந்து இறங்கினார்கள். சாமையன் காலை ஊன்றுவதற்குள் அவன் குஞ்சுகள் இரண்டும் ஓடி வந்து அவன்மேல் மோதின. "அப்பா வந்தாச்சு! அப்பா வந்தாச்சு!" என்று கத்தின. கொஞ்சம் குடித்தன. பிறகு அவனைப் புழுதியில் தள்ளிவிட்டு அவன் முதுகில் ஏறின. சாமையன் கால்களை ஆகாயத்தில் உதைத்துக்கொண்டு, "ஐயோ, கீரி! ரெண்டு கீரி என்னைப் பிடிச்சிருச்சு!" என்று அலறினான். குஞ்சுகள் சிரித்துச் சிரித்து உருண்டன.

இந்தப் பக்கம் எள்ளு அமைதியாக அப்பாவின் வயிற்று இறகை உருவிக் குடித்தாள். குடித்து முடித்ததும் திரும்பிச் சாமையன் வீட்டையே பார்த்தாள்.

வரகன் அதைக் கவனித்தான். வயிறு நனைந்திருந்தும் அவனுக்கு வயிறு எரிந்தது.

"என்ன அங்கேயே பாக்கறே?" என்றான்.

"அப்பா, சாமையன் சித்தப்பா மாதிரி நீயும்..." என்று எள்ளு தொடங்கினாள்.

வரகன் அவளை முடிக்க விடவில்லை. "சாமையன் மாதிரியா? அவன் தண்ணி என் தண்ணியைவிட நல்லா இருக்கா? யார் சொன்னா?"

"அதில்லப்பா..."

"எனக்குத் தெரியும்! அவன் வயிறு அகலம். நிறையக் கொண்டு வரான். அதான் அவன் பிள்ளைங்க அந்தக் குதி குதிக்குது. இரு, இன்னொரு நடை போயிட்டு வரேன். அப்புறம் பாரு!"

சொல்லிவிட்டு அவன் பறந்துவிட்டான். எள்ளுவின் வாயில் இருந்த சொல் வாயிலேயே நின்றுவிட்டது.

இப்படி நினைக்க ஒரு கல்கௌதாரியால்தான் முடியும். அன்பைக்கூட அவை ஈரத்தை வைத்தே அளக்கும்.

மறுநாளிலிருந்து வரகன் தினமும் இரண்டு நடை போனான். காலையில் கூட்டத்தோடு ஒரு முறை. உச்சிவேளையில் தனியாக இன்னொரு முறை. அவன் ஊறிய கிழங்குபோல வயிறு உப்பி வருவதைப் பார்த்து மற்றப் பறவைகள் வியந்தன.

"உழைப்புன்னா வரகன்தான்!" என்றது ஒன்று.

"இந்த வெயில்ல ரெண்டு நடையா! யப்பா!" என்றது இன்னொன்று.

வரகனுக்குக் கழுத்து நிமிர்ந்தது. ஆனால் அவன் கண் புகழ்ந்தவர்கள் பக்கம் போகவில்லை. சாமையன் காதில் இது விழுந்ததா என்றுதான் பார்த்தது.

விழுந்தது. சாமையன் இறக்கையை விரித்து நின்றபடியே, "நல்லதுண்ணே! கொஞ்சம் உக்காருங்க. மூச்சு வாங்குது பாருங்க" என்றான்.

'இவன் என்மேல் இரக்கப்படுகிறானா!' என்று வரகனுக்கு இன்னும் எரிந்தது.

"உன்னை மாதிரி சும்மா நிக்க எனக்கு நேரமில்லடா தம்பி!" என்று சொல்லிவிட்டு எள்ளுவிடம் வந்தான். "குடி! இன்னும் குடி! இப்ப சொல்லு, யார் தண்ணி நல்லா இருக்கு? என்னுதா, அவனுதா?"

"நான் அவங்க தண்ணியைக் குடிச்சதே இல்லையேப்பா."

"அதெல்லாம் வேண்டாம். என்னுதுதான் நல்லா இருக்குன்னு சொல்லு!"

"உன்னுதுதான் நல்லா இருக்கு" என்றாள் எள்ளு. அதற்குள் அவன் சாமையன் பக்கம் திரும்பிவிட்டான்.

அந்தப் பொட்டலில் ஆட்காட்டிக் குருவி ஒன்று இருந்தது. எது நடந்தாலும் ஊருக்குக் கேட்கக் கத்துவதுதான் அதன் பிழைப்பு. அது கல்மேல் நின்று கத்தியது.

"வரகா! வரகா! சாமையன் வீட்டுச் சிரிப்பு கண்மாய்க்கரை வரைக்கும் கேக்குது! உன் வீட்டுல ஏன் ஒரு சத்தமும் காணோம்? பிள்ளை இருக்கா, இல்லையா?"

"எல்லாம் இருக்கு! நீ உன் வேலையைப் பார்!" என்றான் வரகன்.

"இதுதான் என் வேலையே!" என்றது ஆட்காட்டி.

கோடை முற்றியது. சரளைக்கல் காலைச் சுட்டது. காற்று அனலாக அடித்தது. அப்போது ஒரு விந்தை நடந்தது. வரகன் எவ்வளவு தண்ணீர் கொண்டு வந்தாலும் எள்ளுவுக்குப் போதவில்லை. காலையில் வயிறு முட்டக் குடித்தாள். உச்சிக்குள் நாக்கு வறண்டது. அப்பா இரண்டாம் நடை போயிருந்தான். எள்ளு ஒரு கல்லோரம் வெயிலில் உட்கார்ந்து அவனுக்காகக் காத்திருந்தாள். அவன் வந்ததும் ஆவலாகக் குடித்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும், "அப்பா, தாகமா இருக்கு" என்றாள்.

"பாத்தியா தினைச்சி!" என்றான் வரகன். "தண்ணி பத்தலை. நாளையிலிருந்து மூணு நடை போகணும்."

தினைச்சி இளைத்திருந்தாள். வரகன் உச்சிவேளையில் நிற்காததால் பாதி நாள் அவளும் இரைக்குப் போகவில்லை. குஞ்சோடு நின்றுவிட்டாள்.

"சாமையன் ஒரே நடைதான் போறான். அவன் வீட்டுல ரெண்டு பிள்ளைங்க. அதுங்களுக்கு எப்படிப் பத்துது?" என்று கேட்டாள்.

"அவன் பேச்சை என்கிட்ட எடுக்காதே!"

"நான் எங்கே எடுத்தேன்? நீ தூக்கத்துலகூட அவன் பேரைத்தான் சொல்றே. 'சாமையா, நீ குறைச்சல், நான் கூட'ன்னு!"

வரகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அடுத்த நாள் தினைச்சியால் பசி தாங்க முடியவில்லை. உச்சியில் இரைக்குப் போய்விட்டாள். வரகன் கண்மாயில் இருந்தான். எள்ளு கொஞ்ச நேரம் தனியே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, சுடுகல்லில் தத்தித் தத்திச் சாமையன் நிழலுக்குப் போனாள். கம்பு நகர்ந்து இடம் விட்டாள். சோளம், "எங்கப்பா முதுகுல நீயும் ஏறலாம், ஆனா நான்தான் முதல்ல!" என்றான்.

ஆட்காட்டி அதைப் பார்த்தது. விடுமா?

"வரகா! வரகா! உன் பிள்ளை வீடு மாறிட்டா! சாமையன் நிழல்ல குடியேறிட்டா!"

ஈர வயிற்றோடு வந்துகொண்டிருந்த வரகன் காதில் அது விழுந்தது. அவன் நேராகச் சாமையன் முன்னால் வந்து இறங்கினான்.

"என்னடா இது? உனக்கு ரெண்டு பத்தலையா? என் ஒத்தைப் பிள்ளையையும் இழுக்கறியா?"

"அண்ணே, நான் கூப்பிடலை. அதுவா வந்துச்சு."

"அதுவா வரும்! நீ சிரிச்சுக் குலுங்கி ஆட்டம் காட்டினா ஏன் வராது? நான் இறகு தேய உழைக்கறேன். நீ நின்ன இடத்துல நின்னு பேர் வாங்கறே!"

 வரகன் எள்ளுவின் பக்கம் திரும்பினான்.

"இனி இந்தப் பக்கம் நீ காலெடுத்து வைக்கக் கூடாது. நம்ம கல்லோரம்தான் உன் இடம். வா!"

எள்ளு தலையைக் குனிந்துகொண்டு பின்னால் நடந்தாள்.

அன்று முழுவதும் வரகன் ஒரே சிந்தனையில் இருந்தான். கண்மாய்த் தண்ணீர் எல்லாருக்கும் பொது. அதையே எத்தனை முறை கொண்டு வந்தாலும் சாமையனை மிஞ்ச முடியாது. மலைமேல் ஒரு சுனை இருந்தது. குளிர்ச்சியான தண்ணீர், கற்கண்டுபோல இனிக்குமாம். ஆனால் கல்கௌதாரி எதுவும் அவ்வளவு தூரம் போனதில்லை.

காலையில் அவன் தினைச்சியிடம், "நான் சுனைக்குப் போறேன்" என்றான்.

"சுனைக்கா? கூட்டம் போறது கண்மாய்க்கு. தனியா போனா வல்லூறு விடுமா?"

"சுனைத் தண்ணியைச் சாமையன் பிள்ளைங்க கனவுலகூடக் குடிச்சிருக்காது! எள்ளு குடிக்கப் போறா. அவங்க முன்னாடி குடிக்கப் போறா!"

"வெயில் எப்படி இருக்குன்னு பாத்தியா? எனக்கும் நேத்து உச்சிக்கப்புறம் வயித்துல ஒண்ணுமில்லை."

"நீ இரைக்குப் போ. உச்சிக்கு முன்னாடி நான் இங்க இருப்பேன். சொன்னா சொன்னதுதான்."

தினைச்சி நம்பினாள். அவன் மலைப்பக்கம் பறந்தான்.

சுனை உண்மையிலேயே இனிமையானதுதான். வரகன் வயிற்றை அமுக்கி ஊறப்போட்டான். ஊற ஊற, கம்பும் சோளமும் வாய் பிளந்து பார்ப்பதைக் கற்பனை செய்தான். சாமையன் தலை குனிவதைக் கற்பனை செய்தான். அந்தக் கற்பனை தண்ணீரைவிட இனித்தது. எழுந்திருக்கவே மனமில்லை. எழுந்தபோது வெயில் தலைக்கு நேரே வந்திருந்தது.

திரும்பும் வழியில் வல்லூறு ஒன்று அவனைப் பார்த்துவிட்டது. கூட்டமாக இருந்தால் அது தயங்கியிருக்கும். தனிப் பறவையை விடுமா? வரகன் பாறைக்குப் பாறை பதுங்கி, மலையையே சுற்றிக்கொண்டு தப்பினான். உயிர் பிழைத்தது. ஆனால் அனல்காற்று அவன் வயிற்றுக்கு அடியில் வீசிக்கொண்டே இருந்தது.

பொட்டலில் எள்ளு தன் கல்லோரம் உட்கார்ந்திருந்தாள். காலையில் ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லை. அப்பா கண்மாய்க்குப் போகவில்லையே! அம்மா இரைக்குப் போய்விட்டாள். வெயில் நேரே இறங்கியது. எள்ளு அலகைத் திறந்து மூச்சுவிட்டாள். கண் சொருகியது.

எதிரே சாமையன் இறக்கையை விரித்து நின்றான்.

"எள்ளு! இங்க வாம்மா!" என்றான்.

"அப்பா... அந்தப் பக்கம் காலெடுத்து வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்" என்றாள் எள்ளு. குரல் எழும்பவில்லை.

சாமையன் மலைப்பக்கம் பார்த்தான். வரகன் வரும் தடமே இல்லை. அவன் தன் குஞ்சுகளிடம் குனிந்தான்.

"கம்பு, சோளம், எழுந்திரிங்க. குடி மாறணும்."

"எங்கேப்பா?"

"எதிர் வீட்டுக்கு!"

மூன்று பேரும் சுடுகல்லைத் தாண்டி எள்ளுவின் இடத்துக்கு வந்தார்கள். சாமையன் அவளுக்கு மேலே இறக்கையை விரித்தான்.

"நீ அங்க வரக்கூடாதுன்னுதானே உங்கப்பா சொன்னார்? நாங்க இங்க வரக்கூடாதுன்னு சொல்லலையே!"

எள்ளு கண்ணை மூடிக்கொண்டாள். கம்பும் சோளமும் இரு பக்கமும் ஒட்டி உட்கார்ந்தார்கள். காலையில் சாமையன் வயிற்றில் கொண்டு வந்த தண்ணீர் தீர்ந்துவிட்டது. இறகின் வேரில் கொஞ்சம் ஈரம் மட்டும் இருந்தது. அது எள்ளுவின் முதுகில் பட்டுக் குளிர்ந்தது.

அப்போதுதான் வரகன் வந்தான். தூரத்திலிருந்தே தன் கல்லைத் தேடினான். அங்கே எள்ளுவைக் காணோம்.  கீரியா? வல்லூறா?

பிறகு சாமையனின் இறக்கைக்கு அடியில் ஒரு சின்னத் தலை தெரிந்தது. எள்ளுதான். உயிரோடு இருக்கிறாள்.

ஆனால் பாருங்கள், பொறாமை எப்படிப்பட்டது என்று! பிள்ளை பிழைத்திருக்கிறாள் என்ற மகிழ்ச்சி வரகனுக்கு இரண்டாவதாகத்தான் வந்தது. 'அவன் இறக்கைக்குள்ளா!' என்ற எரிச்சல் முந்திக்கொண்டது.

"டேய் சாமையா! என் இடத்துலயே வந்து உக்காந்துட்டியா! என் பிள்ளையை விடு!"

"நான் பிடிச்சு வைக்கலைண்ணே" என்று சாமையன் இறக்கையைத் தூக்கினான். "எள்ளு, அப்பா வந்துட்டார் பாரு."

எள்ளு எழுந்தாள். தள்ளாடி நடந்து வரகனிடம் வந்தாள். வரகன் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். "எல்லாரும் பாருங்க! சுனைத் தண்ணி! மலைமேல இருந்து கொண்டு வந்திருக்கேன்! குடி எள்ளு!"

எள்ளு வயிற்றுக்கு அடியில் நுழைந்தாள். ஒரு இறகை உருவினாள். இன்னொன்றை உருவினாள். இன்னொன்றையும் உருவிப் பார்த்தாள்.

"அப்பா, ஈரமே இல்லையே."

வரகன் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தான். இறகு முழுவதும் காய்ந்து சருகுபோல நின்றது. சுனையும் மலையும் போட்டியும் காற்றோடு போயிருந்தன.

ஆட்காட்டிகூடக் கத்தவில்லை.

"தாகத்துல செத்துடாதே எள்ளு! நான் இப்பவே..." என்று வரகன் இறக்கையை அடித்தான்.

"பரவாயில்லப்பா" என்றாள் எள்ளு. "கல்லோரம் இருக்கும்போதுதான் ரொம்பத் தாகமா இருந்துச்சு. நிழலுக்குள்ள வந்ததும் அவ்வளவா இல்லை."

எழும்பப்போன வரகன் அப்படியே நின்றான்.

அவன் மனதில் எல்லாம் திரும்ப ஓடியது. அவன் போகிறான். நிழல் போகிறது. வெயில் பிள்ளையைக் காய்ச்சுகிறது. பிள்ளைக்குத் தாகம் எடுக்கிறது. 'தண்ணி பத்தலை' என்று அவன் மறுபடியும் போகிறான். இத்தனை நாளும் அவன் கொண்டு வந்த தண்ணீரை எள்ளு குடிக்கவில்லை. எள்ளுவின் வழியாக வெயில்தான் குடித்தது!

சாமையனுக்கு ஒரே நடை எப்படிப் போதுகிறது என்று தினைச்சி கேட்டாளே. அதற்கு விடை இவ்வளவுதானா?

"அண்ணே," என்றான் சாமையன். "இருந்தாலும் பிள்ளைக்குக் கொஞ்சம் தண்ணி வேணும். நீங்க களைச்சுப் போயிருக்கீங்க. நான் கண்மாய்க்குப் போயிட்டு வரேன். மூணு பேருக்கும் நீங்க நில்லுங்க."

வரகனுக்கு இது மலைச்சுனைக்குப் பறந்ததைவிடக் கடினமாக இருந்தது. தன் பிள்ளைக்குச் சாமையன் தண்ணீர் கொண்டு வருவதா? அதைத் தன் கண்ணாலேயே பார்ப்பதா? 'வேண்டாம்' என்ற சொல் அலகு வரை வந்தது. அவன் எள்ளுவின் திறந்த வாயைப் பார்த்தான். சொல்லை விழுங்கினான்.

"சீக்கிரம் போயிட்டு வா" என்றான். பிறகு, தாழ்ந்த குரலில், "தாழப் பற தம்பி. வல்லூறு சுத்துது" என்றான்.

சாமையன் போனான். வரகன் இறக்கையை விரித்தான். அவன் நிழல் விரித்துப் பல நாளாகியிருந்தது. கொஞ்ச நேரத்திலேயே தோள் கடுத்தது. சும்மா நிற்பது என்று எதை இளக்காரமாகச் சொன்னானோ, அது இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை.

"பெரியப்பா, இடது பக்கம் வெயில் அடிக்குது" என்றான் சோளம்.

"எங்கப்பா நல்லா விரிப்பார்" என்றாள் கம்பு.

வரகனுக்கு மறுபடியும் சுருக்கென்றது. ஆனாலும் இறக்கையை இன்னும் கொஞ்சம் விரித்தான்.

நிழலுக்குள் மூன்று குஞ்சுகளும் முணுமுணுவென்று பேசிக்கொண்டன. தன் பிள்ளை இவ்வளவு பேசுவாள் என்று வரகனுக்கு அன்றுதான் தெரிந்தது. அவன் குனிந்து கேட்டான்.

"எள்ளு, அன்னிக்கு 'சாமையன் சித்தப்பா மாதிரி நீயும்'னு ஏதோ சொல்ல வந்தியே. என்னம்மா அது?"

எள்ளு யோசித்தாள். "ம்... 'சித்தப்பா மாதிரி நீயும் கீழ விழுந்து காலை உதை'ன்னு சொல்ல வந்தேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

 ஒரு காலை உதைப்பதற்காக வரகன் ஒரு மலை ஏறியிருக்கிறான்.

சாமையன் ஈர வயிற்றோடு திரும்பினான். மூன்று குஞ்சுகளும் அடியில் நுழைந்தன. எள்ளு மடமடவென்று குடித்தாள். வரகன் பார்க்க வேண்டாம் என்று நினைத்தான். பார்த்தான். கேட்க வேண்டாம் என்று நினைத்தான். கேட்டும்விட்டான்.

"எப்படி இருக்கு?"

"எது?"

"சாமையன் கொண்டு வந்த தண்ணி."

எள்ளு அலகைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "தண்ணி மாதிரி இருக்கு."

சாமையன் சிரித்துவிட்டான். வரகனும் சிரித்தான். முதலில் கொஞ்சம் கசப்பாக, பிறகு கொஞ்சம் நன்றாகவே. கல்மேல் இருந்த ஆட்காட்டிக்குப் பொறுக்கவில்லை. "கேட்டீங்களா! கேட்டீங்களா! வரகன் வீட்டுல சிரிப்புச் சத்தம்!" என்று ஊரையே கூட்டியது.

இரை தின்றுவிட்டு வந்த தினைச்சி, எதிர் வீடு முழுவதும் தன் வீட்டில் இருப்பதைப் பார்த்துத் திகைத்தாள். நடந்ததைக் கேட்டதும் வரகனை மேலும் கீழும் பார்த்தாள்.

"உச்சிக்கு முன்னாடி வந்துடுவேன்னு சொன்னே."

"சொன்னேன்."

"நாளைக்கு?"

"நாளைக்குக் கூட்டத்தோட போறேன். கூட்டத்தோட வரேன். ஒரு நடைதான்" என்றான் வரகன்.

மறுநாள் அவன் அப்படியே செய்தான். கண்மாயில் சாமையன் பக்கத்தில் குந்தியபோது அவன் வயிற்றின் அகலத்தை ஒரு முறை ஓரக்கண்ணால் பார்த்தான். பழக்கம் ஒரே நாளில் போய்விடுமா? ஆனால் எல்லாரும் எழுந்தபோது அவனும் எழுந்தான். வந்து இறங்கியதும், எள்ளு எதுவும் கேட்பதற்கு முன்னால், புழுதியில் மல்லாந்து விழுந்து காலை உதைத்தான். அவனுக்கு அது சரியாக வரவில்லை. அதனால்தானோ என்னவோ, எள்ளு மூச்சு முட்டச் சிரித்தாள். உதைத்த உதையில் வயிற்றுத் தண்ணீர் பாதி மணலில் போயிற்று. மிச்சத்தை எள்ளு குடித்தாள். அது போதுமானதாக இருந்தது.

உச்சிவேளை வந்தது. அம்மாக்கள் இரைக்குப் போனார்கள். எதிரே சாமையன் இறக்கையை விரித்தான். கம்பும் சோளமும் உள்ளே புகுந்துகொண்டு, "எள்ளு, வா! எள்ளு, வா!" என்று கூப்பிட்டார்கள். இந்தப் பக்கம் வரகன் தன் இறக்கையை விரித்தான். அவனுக்கு அடியில் வெறும் மணல்தான் இருந்தது.

"அப்பா, நான் அந்தப் பக்கம் போகலாமா?" என்று எள்ளு கேட்டாள்.

வரகன் எதிர் நிழலை ஒரு முறை பார்த்தான். "எந்தப் பக்கம் வேணும்னாலும் போம்மா" என்றான். இறக்கையை மட்டும் மடக்கவில்லை.

விடுகதையின் இரண்டாம் பாதிக்கு விடை இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். பிள்ளைக்காக ஓடுகிறவன் பிள்ளையோடு நிற்கவும் நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்தவனைப் பார்த்து ஓடுகிறவனுக்கு அந்த நேரம் ஒருநாளும் கிடைப்பதில்லை.

எள்ளு இரண்டு நிழல்களையும் பார்த்தாள். பிறகு அப்பாவின் இறக்கைக்கு அடியில் போய் உட்கார்ந்தாள்.